ரயிலில் கூட்டமில்லை, குற்றம் யாருடையது?

நம் நாட்டில் ஒரு சின்ன ரயில் பாதையை மூட வேண்டுமென்றோ, அதில் ஓடும் வண்டிகளைக் குறைக்க வேண்டுமென்றோ எவருக்காவது தோன்றிவிட்டால், அதற்குச் சொல்லப்படும் காரணம் எப்போதும் ஒன்றேதான். "அந்தப் பாதையில் கூட்டமில்லை, நஷ்டம்" என்பதே அது. இதைச் சொன்ன மாத்திரத்தில் மேற்கொண்டு ஒருவரும் ஒரு கேள்வியும் கேட்பதில்லை. "எல்லாம் தலைவிதி" என்று சொன்னால் நம் ஜனங்கள் எப்படி வாயை மூடிக்கொண்டு விடுகிறார்களோ, அப்படியே "நஷ்டம்" என்று சொன்னாலும் வாயை மூடிக்கொண்டு விடுகிறார்கள்.

ஆனால் நஷ்டம் என்பது வானத்திலிருந்து விழுகின்ற சங்கதியல்ல. அது மனிதன் போட்ட கணக்கிலிருந்து வருவது. மனிதன் போட்ட கணக்கை இன்னொரு மனிதன் திருப்பிப் பார்க்கலாம், எங்கே பிசகு என்று கேட்கலாம், வேறு விதமாய்ப் போட்டால் என்ன வரும் என்றும் பார்க்கலாம். அந்த வேலையைத்தான் இன்று நாம் செய்து பார்க்க ஆசைப்படுகின்றோம்.

இதற்கு வேறெங்கும் போகவேண்டியதில்லை. தஞ்சை நாட்டிலேயே ஒரு பாதை இருக்கின்றது. திருவாரூரில் புறப்பட்டு, திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை, அறந்தாங்கி வழியாகக் காரைக்குடிக்குப் போகும் 149 கிலோமீட்டர் பாதையே அது. இந்தப் பாதை உண்டான வரலாற்றை நம்மில் அநேகர் அறியார்கள். இதில் பெரும்பகுதியைப் போட்டது வெள்ளைக்காரக் கம்பெனியின் முதலுமல்ல, டில்லி சர்க்காரின் பணமுமல்ல. தஞ்சாவூர் ஜில்லா போர்டார் நிலவரியோடு சேர்த்து ரூபாய்க்கு மூன்று பை வீதம் தனி வரி போட்டு, அந்தப் பணத்தைச் சேர்த்து வைத்துக் கட்டின பாதை இது. 1894ஆம் வருஷம் ஏப்ரல் 2ஆம் தேதி மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரை 54 மைல் திறக்கப்பட்டது. பிறகு பட்டுக்கோட்டைக்கும், 1903இன் கடைசியில் அறந்தாங்கிக்கும் நீண்டது. வண்டி ஓட்டும் வேலையைத் தென் இந்திய ரயில்வேக் கம்பெனியார் பார்த்தார்கள். பாதையோ ஜில்லா போர்டின் சொத்தாய் இருந்தது. இந்தியாவில் ஒரு ஜில்லா போர்டு தனக்கென்று ரயில் வைத்துக்கொண்டது இதுவே முதல் தடவை.

அந்த மூன்று பையை மிராசுதாரர் கட்டினார் என்று ரிக்கார்டில் இருக்கலாம். ஆனால் அந்த மூன்று பையைச் சேற்றில் நின்று விளைவித்துக் கொடுத்தவன் யார் என்பதை நாம் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே இந்தப் பாதை எவரும் தர்மமாய்க் கொடுத்ததல்ல. அந்தச் சீமையின் பாடுபடுகிற ஜனங்கள் தங்கள் உழைப்பினால் விலை கொடுத்து வாங்கினது. விலை கொடுத்து வாங்கினவனைப் பார்த்து, "உனக்கு ரயில் விடுவதால் எனக்கு நஷ்டம்" என்று சொல்லுவதானால், சொல்லுகிறவர் முதலில் கணக்கைக் காட்ட வேண்டாமா?

நிற்க. இந்தப் பாதைக்குப் பின்னால் நடந்தது என்ன என்று பார்ப்போம். மீட்டர் பாதையாய் இருந்த நாட்களில் சென்னையிலிருந்து காரைக்குடிக்குக் கம்பன் எக்ஸ்பிரஸ் இந்த வழியாய் ஓடிற்று. ராத்திரி ஏறினால் காலையில் பட்டணம் சேரலாம். பிறகு அகலப் பாதையாக மாற்றுகிறோம் என்று வண்டிகளை நிறுத்தினார்கள். திருவாரூர்-காரைக்குடிப் பகுதியில் 2012ஆம் வருஷத்தில் ரயில் நின்றது. முழுப் பாதையிலும் மறுபடியும் பிரயாணி வண்டி ஓடினது 2019 ஜூன் 1ஆம் தேதி. இடையில் ஏழு வருஷம்! ஏழு வருஷத்தில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளை எட்டாம் வகுப்புக்கு வந்துவிடும். அந்தப் பிள்ளைக்குத் தன் ஊரில் ரயில் ஓடும் என்கிற நினைப்பே இருக்காது. அந்த ஏழு வருஷத்தில் ஜனங்கள் பஸ்ஸுக்குப் பழகினார்கள், கடன் வாங்கி மோட்டார் சைக்கிள் வாங்கினார்கள், வியாபாரிகள் லாரிக்காரர்களோடு ஏற்பாடு செய்துகொண்டார்கள்.

அதன் பிறகாவது ஒழுங்காய் வண்டி விட்டார்களா என்றால், அதுவுமில்லை. வந்தது பகலில் போக ஒன்று, வர ஒன்று என்று ஒரே ஜோடி வண்டி. 149 கிலோமீட்டருக்கு அது எடுத்துக்கொண்ட நேரம் ஆறு மணியும் அதற்கு மேலும்! சைக்கிளில் அழுத்தி மிதிக்கிறவன் ஏறக்குறைய அந்த வேகத்தில் போய்விடுவான். ஏன் இத்தனை நேரம்? என்ஜினில் பலமில்லையா? தண்டவாளம் சரியில்லையா? இரண்டும் இல்லை. வழியில் ரோடு குறுக்கிடுகிற கேட்டுகளில் காவலாள் கிடையாது. பல பத்துக் கேட்டுகள். ஆகவே வண்டியிலேயே கேட் ஆட்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒவ்வொரு கேட்டுக்கும் முன்னால் வண்டி நிற்கும். முன்னால் இருப்பவர் இறங்கிப் போய்க் கேட்டைச் சாத்துவார். வண்டி மெதுவாய்த் தாண்டி மறுபடியும் நிற்கும். பின்னால் இருப்பவர் இறங்கிக் கேட்டைத் திறந்துவிட்டு ஓடி வந்து ஏறிக்கொள்ளுவார். அடுத்த கேட்டில் மறுபடியும் இதே வைபவம். கோடிக்கணக்கான ரூபாய் செலவு செய்து அகலப் பாதை போட்டவர்கள், கேட்டுக்கு ஆள் போடுவதில் மிச்சம் பிடித்தார்கள்.

இப்படிப்பட்ட வண்டியில் கூட்டம் ஏறுமா? பள்ளிக்கூடப் பிள்ளைக்கும், கச்சேரிக்குப் போகிறவனுக்கும், ஆஸ்பத்திரிக்குப் போகிற கர்ப்பிணிக்கும், சந்தைக்குப் போகிறவளுக்கும் உதவாத நேரத்தில் புறப்பட்டு, சேரவேண்டிய நேரம் தவறிச் சேரும் வண்டியில் எவன் ஏறுவான்? மாட்டைப் பட்டினி போட்டுவிட்டுப் பால் கறக்கவில்லை என்று மாட்டின்மேல் குற்றம் சொல்லுகிறவனுக்கும், இப்படி வண்டி விட்டுவிட்டுக் கூட்டமில்லை என்று ஜனங்களின்மேல் குற்றம் சொல்லுகிறவனுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்கின்றோம்.

பிற்பாடு ஜனங்கள் கேட்டுக்கேட்டு, கேட்டுகளுக்கு ஆட்கள் போடப்பட்டார்கள். உடனே பிரயாண நேரம் வெகுவாய்க் குறைந்தது. 2023 ஏப்ரல் 8ஆம் தேதி தாம்பரத்திலிருந்து செங்கோட்டைக்கு இந்த வழியாய் ஒரு எக்ஸ்பிரஸ் வண்டியும் ஆரம்பிக்கப்பட்டது. அதே தினம், பல்லாண்டுகளாய் மூடிக்கிடந்த திருத்துறைப்பூண்டி-அகஸ்தியம்பள்ளி 37 கிலோமீட்டர் கிளைப் பாதையும், வேதாரண்யம் பக்கத்து உப்பளங்களுக்கு உதவும் என்று சொல்லித் திறக்கப்பட்டது. இவையெல்லாம் நல்ல காரியங்களே. ஆனால் எக்ஸ்பிரஸ் வண்டி வாரத்தில் சில நாட்களே. அது நிற்கும் ஊர்களும் சிலவே. அந்தந்த ஊரார் தினசரி போய்வரத்தக்க சாதாரண வண்டிகளோ விரல்விட்டு எண்ணத்தக்கவை. ஆகவே வேலை பாதிதான் முடிந்திருக்கின்றது.

இனி, நஷ்டக் கணக்குக்கு வருவோம்.

ஒரு பாதைக்கு ஆகும் செலவு இரண்டு வகை. தண்டவாளத்தைப் பழுது பார்ப்பது, ஸ்டேஷன் மாஸ்டர், கேட் ஆள், சிக்னல் முதலியவை ஒரு வகை. வண்டிக்கு வேண்டிய எண்ணெய் அல்லது மின்சாரம், ஓட்டுகிறவர் சம்பளம், பெட்டியின் தேய்மானம் ஆகியவை இன்னொரு வகை. முதல் வகைச் செலவு, நாளைக்கு ஒரு வண்டி விட்டாலும் ஏறக்குறைய அவ்வளவுதான், ஆறு வண்டி விட்டாலும் ஏறக்குறைய அவ்வளவுதான். ஆகவே ஒரே ஒரு ஜோடி வண்டி விடுகிற பாதையில் அந்தச் செலவு முழுவதும் அந்த ஒரு ஜோடியின் தலையிலேயே விழுகின்றது. அதே பாதையில் ஆறு ஜோடி விட்டால் அந்தப் பாரம் ஆறாகப் பிரியும். இரண்டாவது வகைச் செலவு மாத்திரம் கூடும். ஆனால் வரும்படியோ, வசதியான நேரத்தில் வண்டி கிடைக்கிறது என்று தெரிந்த உடனே பல மடங்கு கூடக்கூடும். வண்டியைக் குறைத்தால் செலவு குறையும் என்று நினைக்கிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. வண்டியைக் குறைத்தால் முதலில் குறைவது வரும்படி.

அன்றியும், கிளைப் பாதையின் வரும்படியை எப்படி எண்ணுகிறார்கள் என்பதும் ஒரு கேள்வி. பட்டுக்கோட்டையில் ஏறிச் சென்னைக்குப் போகிற ஒருவன் கொடுக்கும் கட்டணத்தில் சிறு பங்குதான் பட்டுக்கோட்டைப் பாதைக்கு உரியது. மீதிப் பெரும் பங்கு மெயின் லைன் கணக்கில் போய்ச் சேரும். கிளைப் பாதையை மூடிவிட்டால் அவன் நடந்து வந்தா மெயின் லைனில் ஏறுவான்? வீட்டு வாசலிலேயே பஸ் ஏறிச் சென்னைக்கே போய்விடுவான். அப்பொழுது சிறு பங்கோடு பெரும் பங்கும் போய்விடும். வாய்க்காலைத் தூர்த்துவிட்டு ஆற்றில் தண்ணீரை மிச்சம் பிடித்தேன் என்கிறவனையாவது மன்னிக்கலாம். இங்கே தூர்க்கப்படுவது ஆற்றுக்குத் தண்ணீர் கொண்டுவருகிற ஓடை.

மேலும், நஷ்டம் என்பது இந்தச் சின்னப் பாதைகளில் மாத்திரமா? சில வருஷங்களுக்கு முன் ரயில்வேக்காரர்கள் டிக்கட்டின் மேலேயே அச்சுப் போட்டுக் கொடுத்தார்கள்: பிரயாணத்துக்கு ஆகும் செலவில் சராசரி 57 சதவீதந்தான் பிரயாணிகளிடமிருந்து வசூலாகிறது என்று. அப்படியானால் பட்டணத்து வண்டிகள் உள்படப் பிரயாணி வண்டி மொத்தமுமே கைநஷ்டத்தில்தான் ஓடுகின்றது. சரக்கு வண்டி சம்பாதித்துக் கொடுக்கின்றது. பெரிய ஊர்க்காரனுக்கு வரும் நஷ்டத்திற்குப் பெயர் பொதுஜன சேவை, சின்ன ஊர்க்காரனுக்கு வரும் நஷ்டத்திற்குப் பெயர் வீண் செலவு என்றால், இது என்ன நியாயம்?

"இதெல்லாம் வாய்ப் பேச்சு, மூடின பாதை பிழைத்ததாக எங்காவது உண்டா?" என்று சிலர் கேட்கலாம். உண்டு. அதே தஞ்சை நாட்டில், நீடாமங்கலத்திலிருந்து மன்னார்குடிக்கு ஒரு கிளைப் பாதை இருந்தது. லாபமில்லை என்று 1970களில் அதை மூடிவிட்டார்கள். ஒரு தலைமுறை கழிந்து, 2011 செப்டம்பரில் அகலப் பாதையாய் அது மறுபடியும் திறக்கப்பட்டது. திறந்த பிறகு கிளை வண்டி ஒன்றை மாத்திரம் அங்குமிங்கும் ஆட்டிக்கொண்டிருக்கவில்லை. மன்னார்குடியிலிருந்தே சென்னைக்கும், கோயமுத்தூருக்கும், திருப்பதிக்கும் நேர் வண்டிகள் விட்டார்கள். லாபமற்றது என்று தலையில் கல்லைப் போட்ட அதே ஊரிலிருந்து இன்று எக்ஸ்பிரஸ் வண்டிகள் புறப்படுகின்றன. ஊர் மாறிவிட்டதா? ஜனங்கள் மாறிவிட்டார்களா? மாறினது வண்டி விடும் முறை. அதே சமயம், 1926இல் திறந்து 1986இல் மூடின மாயவரம்-தரங்கம்பாடிப் பாதைக்கு இந்தப் பாக்கியம் கிடைக்கவில்லை. அந்தப் பக்கத்து ஜனங்கள் இன்றளவும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

வெளிநாட்டு அனுபவத்தையும் பார்ப்போம். இங்கிலாந்தில் 1963இல் பீச்சிங் என்பவர் ஒரு ரிப்போர்ட்டு எழுதினார். 2,363 ஸ்டேஷன்களையும், சுமார் 5,000 மைல் பாதையையும் மூடிவிட்டால் ரயில்வே லாபத்திற்கு வந்துவிடும் என்பது அவர் யோசனை. ஆயிரக்கணக்கான மைல்களை மூடினார்கள். ரயில்வே லாபத்திற்கு வரவில்லை. ரயிலுக்குப் பதில் விட்ட பஸ்ஸில் ஜனங்கள் ஏறவில்லை. மோட்டார் கார் வாங்கினார்கள். வாங்க முடியாதவர்கள் வீட்டில் இருந்தார்கள். 1969இல் ஸ்காட்லாந்தின் தென்கோடியில் மூடின ஒரு பாதையில் ஒரு பகுதியைப் பெருஞ்செலவில் புதிதாய்ப் போட்டு 2015இல் திறந்தார்கள். மூடுவதற்கு ஒரு கையெழுத்துப் போதும். திறப்பதற்கு 46 வருஷம் ஆயிற்று.

ஜப்பானியர் இன்னும் கொஞ்சம் யோசித்துச் செய்தார்கள். 1980இல் ஒரு சட்டம் செய்து, எந்தப் பாதையில் சராசரி நாளொன்றுக்கு 4,000 பேருக்குக் குறைவாகப் போகிறார்களோ அதைப்பற்றி யோசிக்கலாம் என்று அளவு வைத்தார்கள். ஆனால் பக்கத்தில் பஸ் போகத்தக்க ரோடு இல்லாவிட்டாலும், பனியினால் ரோடு அடைபடுகிற இடமானாலும், காலை வேளையில் கூட்டம் நெரிகிறதானாலும் விலக்கு உண்டு என்று வைத்தார்கள். அளவுக்கு உட்பட்ட 83 பாதைகளில் 45ஐ பஸ்ஸுக்கு மாற்றினார்கள். 38 பாதைகள் ரயிலாகவே தங்கின. அவற்றில் பலவற்றை அந்தந்தப் பிரதேசத்துச் சர்க்காரும், நகரசபைகளும், வியாபாரிகளும் பங்கு போட்டு எடுத்து நடத்தினார்கள். அப்படிப் பிறந்த முதல் ரயில்வே, 1984 ஏப்ரலில் ஆரம்பித்த சன்ரிக்கு ரயில்வே. அதற்காக எல்லாம் சுகமாய் நடக்கிறது என்று நாம் சொல்ல வரவில்லை. ஆள் குறைந்துகொண்டே வரும் ஊர்களில் அவர்களுக்கும் தொல்லையே. ஆனால் எந்த அளவில் தீர்ப்பு என்பதையும், எதற்கு விலக்கு என்பதையும் பகிரங்கமாய் எழுதி வைத்தார்கள் அல்லவா? அந்த யோக்கியதையைத்தான் நாம் கேட்கின்றோம்.

ஜெர்மனியில் பேப்லிங்கன்-டெட்டன்ஹவுசன் என்கிற 17 கிலோமீட்டர் கிளைப் பாதையில் 1966இல் பிரயாணி வண்டி நின்றது. பிறகு, பக்கத்துப் பக்கத்து ஜில்லா நிர்வாகங்கள் இரண்டு ஒன்றுசேர்ந்து அதைக் கையில் எடுத்துக்கொண்டு, 1996இல் திறந்தன. கனமான பழைய வண்டிகளை விடாமல் லேசான டீசல் வண்டிகளை அரைமணிக்கு ஒன்றாக விட்டார்கள். முன்கூட்டி மதிப்பிட்டதைவிட அதிகம் பேர் ஏறினார்கள். நூறு வருஷத்திற்கு முன்பே தஞ்சை ஜில்லா போர்டு செய்து காட்டின வழி இதுதானே!

ஆகவே நாம் கேட்பது புதுமை ஒன்றுமில்லை. காரியங்கள் இவையே.

முதலாவது, ஒரு பாதையைப்பற்றித் தீர்ப்புச் சொல்லுமுன், அதற்கு மூன்று வருஷமாவது ஒழுங்கான வண்டி விட்டுப் பார்க்க வேண்டும். காலையில் பள்ளிக்கூடத்துக்கும் வேலைக்கும் போகவும், மாலையில் திரும்பவும், இடையில் சந்தைக்கும் ஆஸ்பத்திரிக்கும் போகவும் ஏற்றபடி நேரம் வைக்க வேண்டும். ஜங்ஷனில் பெரிய வண்டி புறப்பட்ட பத்து நிமிஷம் கழித்துக் கிளை வண்டி வந்து சேருகிற அழகை நிறுத்த வேண்டும்.

இரண்டாவது, நீளமான வண்டிக்குப் பதில் நாலைந்து பெட்டியுள்ள வண்டியை அடிக்கடி விட வேண்டும். சிறு ஸ்டேஷன்களில் சம்பள உத்தியோகஸ்தரை வைக்க முடியாவிட்டால், ஹால்ட் ஸ்டேஷன்களில் இப்போதே நடக்கிறபடி, அந்த ஊர்க்காரருக்கே கமிஷன் கொடுத்து டிக்கட் விற்கச் செய்யலாம். கேட்டுகளை மாத்திரம் ஆளில்லாமல் விடக்கூடாது. கூடுமான இடங்களில் சுரங்கப் பாதை போட்டுக் கேட்டையே ஒழிக்க வேண்டும்.

மூன்றாவது, பஸ்ஸும் ரயிலும் சக்களத்திச் சண்டை போடாமல் இருக்கச் செய்ய வேண்டும். தமிழ்நாட்டில் 2021 முதல் சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. அது நல்ல காரியமே. ஐந்து மைலுக்கு பஸ், ஐம்பது மைலுக்கு ரயில் என்று வைத்து, அந்த டவுன் பஸ் ஸ்டேஷன் வாசல் வரை வந்து போனால் இரண்டும் பிழைக்கும். ஸ்டேஷனுக்குப் போகும் ரோட்டில் விளக்குப் போடுவது நகரசபையின் வேலை. இருட்டில் நடக்கப் பயந்து எத்தனை பெண்கள் கடைசி வண்டியை விட்டுவிடுகிறார்கள் என்று எவராவது கணக்கெடுத்ததுண்டா?

நாலாவது, ஒவ்வொரு பாதையின் வரவு செலவையும், அந்தப் பாதையில் ஏறி மெயின் லைனில் போகிறவர்களின் கட்டணம் உள்படத் தமிழில் அச்சிட்டு ஸ்டேஷனில் ஒட்ட வேண்டும். பார்க்கக்கூடாத கணக்கு யோக்கியமான கணக்கல்ல.

இத்தனையும் செய்தும் ஒரு பாதையில் ஆள் ஏறவில்லையானால், அதைக் கட்டிக்கொண்டு அழவேண்டும் என்று நாம் சொல்லமாட்டோம். ரயில் ஒரு தெய்வமல்ல, பூஜை செய்து காப்பாற்றுவதற்கு. அது ஒரு சாதனம். உதவினால் வைத்துக்கொள்ளலாம், உதவாவிட்டால் அதைவிட நல்லதொன்றைக் கொடுத்துவிட்டு எடுத்துவிடலாம். ஆனால் பரீட்சையே வைக்காமல் தோற்றுவிட்டான் என்று சொல்லக்கூடாது.

கடைசியாக, ஜனங்களுக்கும் ஒரு வார்த்தை. நம் ஊருக்கு ரயில் வேண்டுமென்று மகஜர் போடுகிறவர்களில் எத்தனை பேர் அந்த ரயிலில் ஏறுகிறார்கள்? ஏறுகிறவர்களில் எத்தனை பேர் டிக்கட் வாங்குகிறார்கள்? டிக்கட் இல்லாமல் ஏறுகிறவன் சர்க்காரை ஏமாற்றிவிட்டதாய் நினைத்துக்கொள்ளுகிறான். உண்மையில் அவன் தன் ஊரை எண்ணிக்கையில் ஒரு ஆள் குறைத்துவிட்டு வருகிறான். "கூட்டமில்லை" என்று எழுதுகிற உத்தியோகஸ்தரின் பேனாவுக்கு மை ஊற்றுகிறவன் அவனே. பத்து ரூபாய்க்கு டிக்கட் வாங்குகிறவன் அந்தப் பாதைக்கு ஒரு ஓட்டுப் போடுகிறான்.

மூன்று பை கொடுத்து ரயில் போட்ட ஜனங்களின் பேரப்பிள்ளைகள் நாம். அந்த மூன்று பைக்குக் கணக்குக் கேட்க நமக்கு உரிமை உண்டு. கேட்காதவனுக்கு ரயிலும் வராது, கணக்கும் வராது.